எந்த ஊர் என்று கேட்கும் கதவு

"எந்த அயின் சூமர்?" என்றான் யஸன்.

"டேய், விளையாடாதே. சிக்னலே சரியில்ல."

"விளையாடலக்கா. நம்ம பசங்க ஜெயிச்சாங்க, அயின் சூமர் ஜெயிச்சுதுன்னு சொன்னியே. அது யாரு? புது டீமா?"

தாரீன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். தம்பியின் எண்தான். அதே மொட்டைத்தலைப் படம்தான். யஸன் பொய் சொல்லிக் கலாய்ப்பதில் மன்னன். ஒருமுறை பரீட்சையே ரத்தாகிவிட்டது என்று சொல்லி உம்மாவை இனிப்பு செய்ய வைத்தவன். ஆனால் அவன் கலாய்த்தால் மூன்று நொடிக்குமேல் தாங்க மாட்டான், மூக்கால் சிரித்துவிடுவான். தாரீன் அந்த மூக்குச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மருத்துவமனையில் ஏதோ மெஷின் பீப் பீப் என்று அடிக்கும் சத்தம்தான் வந்தது.

"நாளைக்கு வந்துருவேல்ல?" என்றான் அவன்.

"வந்துருவேன்டா."

"மத்தியானத்துக்குள்ள வரணுமாம். இல்லைன்னா ஆபரேஷன் நேரத்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துருவோம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"தெரியும்டா. வந்துருவேன்னு சொன்னேன்ல."

போனை வைத்தாள். வருவதாகச் சொல்லிவிட்டாள். எப்படிப் போவது?

யஸனின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. தாரீனுடையது பொருந்தியது. அவன் போன வாரமே சோதனைச் சாவடியைத் தாண்டி அந்தப் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துவிட்டான். முதல் முயற்சியிலேயே பச்சை. அவன் அக்காவுக்கோ இரண்டு முறை சிவப்பு. மூன்றாவது சிவப்பு விழுந்தால் ஒரு வருடத்துக்கு அனுமதி கிடையாது. யஸனிடம் ஒரு வருடம் இல்லை.

அந்தச் சாவடிக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் சிப்பாய்தான் கேட்பான். அட்டையை நீட்ட வேண்டும், அவன் மூஞ்சி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நம் நாள். இப்போது சிப்பாய் மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடிக்கிறான். கேள்வி கேட்பது கதவு. இடுப்புயரத்தில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும், அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். பெயர் கேட்கும், ஊர் கேட்கும். வாய் சொல்வதை ரத்தம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும். ஒத்துக்கொண்டால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு, வந்த வழியே திரும்பலாம்.

நகரத்துக்காரர்கள் கையை வைத்தார்கள், போனார்கள். முகாம்காரர்கள் கையை வைத்தார்கள், அட்டையில் இருக்கிறபடியே "ஊர்: முகாம்" என்று ஒழுங்காகச் சொன்னார்கள். சிவப்பு. மறுபடி சிவப்பு. வரிசை முழுக்கச் சிவப்பு! ஒருவரும் பொய் சொல்லவில்லை. அட்டையில் இருந்ததைத்தான் படித்தார்கள். ஆனால் முகாமில் ஒரு குழந்தையிடம் பெயரைக் கேட்டால் அந்தப் பெயரின் வாலிலேயே ஓர் ஊரும் ஒட்டிக்கொண்டு வரும். எழுபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட ஊர். அந்தக் குழந்தையும் பார்த்ததில்லை, அதன் அம்மாவும் பார்த்ததில்லை. தாரீன் வீட்டுக்கு அது அயின் சூமர். முகாமில் சந்துக்குச் சந்து அந்த ஊர்ப் பெயர்கள்தான். கால்பந்து அணிகள் அந்தப் பெயரில்தான். மாவுக் கடைக்காரன்கூட எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற மாதிரிதான் திட்டுவான். வாய் முகாம் என்றது. ரத்தம் வேறு ஊரைச் சொன்னது. கதவு இவர்கள் எல்லோரையும் பொய்யர்கள் என்று முடிவு கட்டிவிட்டது.

மஜ்தியின் போன் ரிப்பேர் கடை பயிற்சிக் கூடமாக மாறியது அதற்குப் பிறகுதான். மஜ்தி தாரீனோடு படித்தவன். எங்கேயோ குப்பையில் கிடந்த பழைய கதவுத் தட்டு ஒன்றைத் தூக்கி வந்து, நோண்டி, உயிர் கொடுத்திருந்தான். சனங்கள் வரிசையில் நின்று அதில் கை வைத்து "நான் முகாம், நான் முகாம்" என்று சொல்லிச் சொல்லிப் பழகினார்கள்.

அன்று சாயங்காலம் தாரீன் போனபோது உம்மு கஸ்ஸான் அங்கே சார்ஜர் மாற்ற வந்திருந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். முகாமில் முதலில் பச்சை வாங்கியது அவள்தான்.

"அத்தை, எப்படி அத்தை வாங்குனீங்க?" என்று கேட்டாள் தாரீன்.

"அதுல என்ன கண்ணு இருக்கு? நான் புள்ள பெத்தது இங்க. புருஷனைப் பொதைச்சது இங்க. பல்லு விழுந்தது இங்க. இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் பச்சை வந்துருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தப் பக்கம் போய் மகனைப் பார்த்துட்டு வந்தேன்."

கடை வாசலில் நின்ற ஒருத்தன் வேண்டுமென்றே குரல் கொடுத்தான். "உம்மு கஸ்ஸான், உங்க பைத் நஹ்ல் ஊர் ஆளுங்க கல்யாணத்துல உப்பே போட மாட்டாங்களாமே!"

போன வருடம் என்றால் அவள் செருப்பைக் கழற்றியிருப்பாள். இப்போது திரும்பி அவனை நிதானமாகப் பார்த்தாள். யாரோ யாரையோ கேட்கிறார்கள் என்பது போன்ற பார்வை. பிறகு சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டவனுக்கே முகம் செத்துப்போனது.

"நடிக்கிறாங்களா?" என்றாள் தாரீன், குரலை இறக்கி.

"தெரியல. பச்சை வாங்குன எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க. கல்யாணத்துல ஊர்ப் பாட்டு பாடுனா வாயைத் திறக்கிறதில்ல. வெக்கத்துல நடிக்கிறாங்கன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல." மஜ்தி தட்டைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான். "கையை வை. உனக்கு வேற வழியில்ல."

அவள் கையை வைத்தாள். "முகாம்" என்றாள். சிவப்பு.

"மூஞ்சியைப் பாரு, பல்லு புடுங்க வந்தவ மாதிரி. அயின் சூமர்காரங்களுக்கே இந்தப் புடிவாதம் ரத்தத்துல இருக்கு."

"இப்படி அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தா எப்படிடா பச்சை வரும்? வாயை மூடு."

அவன் மூடினான். தாரீன் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் வராத குழாய், அதன் கீழே வைத்த பச்சை வாளி, பள்ளிக்கூடச் சுவரில் தன் பெயரைக் கிறுக்கிய இடம், யஸன் மாடியிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்ட படிக்கட்டு. இது என் ஊர். இது மட்டும்தான். யஸன் மெஷினோடு படுத்திருக்கிறான். இது என் ஊர். எத்தனை முறை சொன்னாளோ, மஜ்தி அவள் தோளைத் தட்டினான்.

பச்சை.

"வாங்கிட்டடி!" என்று கத்தினான். "போய்த் தூங்கு. யார்கிட்டயும் பேசாதே, எதையும் நினைக்காதே, காலையில நேரா கதவுக்குப் போ!"

தாரீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, சும்மா சரிபார்ப்பதற்காக, மனசுக்குள் ஊரின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

வரவில்லை.

நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுத்தது. அயின். அயின் என்ன? அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்துவிட்டது, சூமர், அயின் சூமர். ஆனால் எங்கேயோ படித்த பெயர் மாதிரி வந்தது.

"மஜ்தி, யஸன் நடிக்கல" என்றாள். "அவனுக்கு நெஜமாவே போயிருச்சு."

மஜ்தி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஒண்ணு சொல்றேன். ஆனா என்னை நம்பிச் செய்யாதே. நான் கொஞ்ச நாள் சாவடியில அந்த இன்னொரு பாதையைக் கூட்டிப் பெருக்குனேன்ல? புதுசா குடியேற வந்தவங்க கார் போற பாதை. அங்கயும் இதே கதவுதான். நம்ம மலைங்க மேல மாசாமாசம் புதுசு புதுசா வீடு கட்டி உக்காருறாங்களா, அந்த இடம் எதுவும் கதவுக்குத் தெரியாது. ஆள் சொல்றது உண்மை, ஆனா ஊர் தெரியலைன்னா மஞ்சள் விளக்கு போடும். ரெண்டு மூணு கேள்வி கேக்கும். பதில் எல்லாம் உண்மையா இருந்தா ஊரைச் சேர்த்துக்கிட்டுத் திறந்துவிடும். என் கண்ணால பார்த்திருக்கேன்."

"நம்ம பாதையில?"

"நம்ம பாதையில யாரும் தட்டுல கை வச்சு ஊர்ப் பேரைச் சொன்னதே இல்லையே! முதல் வாரம் சிவப்பு விழுந்ததும் ஒருத்தர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்துனாரே, இழுத்துட்டுப் போனாங்களே, அதோட எல்லாரும் பயந்துட்டாங்க. அவரைப் பேரைச் சொன்னதுக்காகப் புடிக்கல, தட்டை எட்டி உதைச்சதுக்காகப் புடிச்சாங்க. ஆனா நம்ம பாதையிலயும் மஞ்சள் எரியுமா? வல்லாஹி, சத்தியமா எனக்குத் தெரியாது. சிவப்பு விழுந்தா..."

"யஸன் செத்துருவான்."

"ஆமா. அதான் சொல்றேன், உன்கிட்ட பச்சை இருக்கு. பச்சையோட போ."

அவள் அப்படித்தான் முடிவு செய்தாள். பெயர்தானே போகும்? தம்பி போகமாட்டான். வீட்டுக்குப் போனாள், உம்மா வைத்த பருப்புச் சூப்பைக் குடித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. உம்மா பையில் துணியை அடுக்கியபடியே ஒவ்வொரு துணியிலும் எதையோ ஓதி ஊதிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் தாரீன் தலையை ஆட்டாமல் நடந்தாள், ததும்பத் ததும்ப நிறைந்த கிண்ணத்தைக் கொண்டுபோகிறவள் மாதிரி. குழாய். வாளி. படிக்கட்டு. இது என் ஊர்.

வரிசை நீளமாக இருந்தது. கம்பிகளுக்கு நடுவே ஓராள் அகலத்துக்குத்தான் இடம். அவளுக்குப் பின்னால் அபூ ஸக்ர், கட்டட வேலைக்குப் போக ஒரு சிவப்பு வாங்கியும் மறுபடி வந்து நிற்கிற கஃப்ர் லோஸ் ஊர்க்காரர், வாய் ஓயாத மனுஷன். எள்ளு ரொட்டியை மென்றுகொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தாரீன் காதில் விழாததுபோல் நின்றாள். இன்னும் ஏழெட்டுப் பேர்தான்.

போன் அடித்தது. யஸன்.

எடுக்கக்கூடாது. எடுக்கவே கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆகியிருந்தால்?

"என்னடா?"

"அக்கா." அவன் குரல் ஒரு மாதிரி மெலிந்திருந்தது. "ஒண்ணு கேக்கணும். சிரிக்காதே. நான் கோல் விட்டா மைதானம் முழுக்க ‘காவல்காரா, காவல்காரா'ன்னு கத்துவாங்கல்ல? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அது என்ன ஜோக்கு?"

தாரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் கோல்கீப்பர்ங்கிறதுக்காகவா? இல்ல, அதுல வேற என்னமோ இருக்குக்கா. சிரிச்சது ஞாபகம் இருக்கு. எதுக்குச் சிரிச்சேன்னு தெரியல. அப்பலேருந்து யோசிக்கிறேன். ஊசி குத்தும்போதும் அதையே யோசிக்கிறேன். பயமா இருக்குக்கா. இன்னும் என்னென்ன போயிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முன்னால் இரண்டு பேர் தாண்டினார்கள். வரிசை நகர்ந்தது.

சொன்னால் அந்தக் கிண்ணம் கவிழ்ந்துவிடும். அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ‘அப்புறம் சொல்றேன்டா' என்று வைத்துவிடலாம். ஆனால் அப்புறம் என்று ஒன்று இருக்குமா? கதவைத் தாண்டிப் போன பிறகு அந்த ஜோக் அவளிடமே இருக்குமா? யாரும் அவனுக்குச் சொல்ல முடியாதே! அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் பக்கத்தில் படுப்பாள், இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துக்கொண்டு கிடப்பார்கள்.

"டேய், கேளு" என்றாள். "நம்ம ஊர்ல ஒரு ஊற்று இருந்துச்சு. ஒரு கோடையில நம்ம ஆளுங்களுக்குக் கஞ்சத்தனம் வந்துருச்சு. பக்கத்து ஊர்க்காரன் ஒரு சொட்டுக் குடிக்கக்கூடாதுன்னு ஊற்றைச் சுத்தித் தடியோட காவல் போட்டாங்க. ராத்திரி பகலா காவல். மீசையை முறுக்கிக்கிட்டு. தண்ணி பாட்டுக்குக் கீழே இறங்கி..."

"கீழே இறங்கி நேரா எங்க ஊருக்குத்தான் வந்துச்சு!" அபூ ஸக்ர் ரொட்டி வாயோடு உள்ளே புகுந்தார். "அப்படிச் சொல்லு! எங்க ஆளுங்க கோடை முழுக்க ஜில்லுனு குடிச்சாங்க. மிச்சத்துல கழுதையைக் குளிப்பாட்டுனாங்க. இந்த முட்டாப் பசங்க மேலே தடியோட நிக்கிறானுங்க, காவலாம் காவல்!"

வரிசையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். போனில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, மூக்கால், லேசாக ஒரு சத்தம்.

"அதானா?" என்றான் யஸன். "அந்தப் பக்கம் கோல் போகுது, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். அதானா?"

"அதான்டா."

"அது யார் பேசுறது?"

"கஃப்ர் லோஸ்காரர்."

"அவர்கிட்ட சொல்லு, கழுதை குளிச்ச தண்ணியைத்தான் அவங்க மறுநாள் குடிச்சாங்கன்னு."

அவனுக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பதில்? பழைய பதிலா, இப்போதுதான் யோசித்ததா? கேட்பதற்குள் வரிசை அவளைக் கதவின் முன்னால் தள்ளிவிட்டது. போனைப் பையில் போட்டாள்.

குழாய், வாளி, படிக்கட்டு என்று தேடிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. உடம்பு முழுக்க ஊற்றுச் சத்தம்தான். ‘முகாம்' என்றால் சிவப்பு, அதில் இனி சந்தேகமே இல்லை.

தட்டு சில்லென்று இருந்தது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

"பெயர்?" என்றது கதவு, செய்தி வாசிக்கிற குரலில்.

"தாரீன்."

"ஊர்?"

"அயின் சூமர்."

ஒன்றும் நடக்கவில்லை. அபூ ஸக்ர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். தாரீன் விளக்கைப் பார்க்கவில்லை, தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உம்மாவிடம் என்ன சொல்வது? யஸனிடம் என்ன சொல்வது? ஒரு ஜோக்குக்காக உன்னைக் கொன்றுவிட்டேன் என்றா?

நகங்களின் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

"பதில் உண்மை. ஊர் அறியப்படவில்லை. புதிய ஊரா?"

"இல்ல." "பழைய ஊர்."

"பதில் உண்மை. வீடுகள் உள்ளனவா?"

உண்டு என்றால் பொய். இல்லை என்றால் கதவு ஏற்குமா? "இல்ல. இடிச்சிட்டாங்க."

"பதில் உண்மை. ஊரைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?"

எத்தனை பேர்? இந்த முகாமில் ஒரு சந்து. அடுத்த முகாமில் எத்தனையோ. அம்மான் நகரத்தில் மாமாக்கள், சிலியில்கூட யாரோ ஒரு பல் டாக்டர். ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். விளக்கு துடித்தது.

"எண்ணலைன்னு சொல்லும்மா!" பின்னாலிருந்து அபூ ஸக்ர் சீறினார். "யாரு எண்ணுனா? எண்ணலைன்னு சொல்லு!"

"எண்ணல" என்றாள் தாரீன். "இன்னும் பொறந்துக்கிட்டு இருக்காங்க."

எங்கேயோ மின்விசிறி சுற்றும் சத்தம்.

"பதில் உண்மை. ஊர் சேர்க்கப்பட்டது. அயின் சூமரைச் சேர்ந்த தாரீன், செல்லலாம்."

கதவு திறந்தது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் சிப்பாய் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தான், பிறகு போனை எடுத்தான். தாரீன் ஓட ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் அபூ ஸக்ரின் குரல், தட்டில் கை வைத்து, சாவடியே கேட்கிற மாதிரி: "கஃப்ர் லோஸ்! எழுத்துக்கூட்டிச் சொல்றேன், லாம், வாவ், ஸாய்! நல்லா எழுதிக்கோ!" வரிசை முழுக்க ஒரு சலசலப்பு. எத்தனை பேர் தைரியமாகச் சொன்னார்கள், எத்தனை பேர் வரிசையை விட்டு நழுவினார்கள், அவளுக்குத் தெரியாது. பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் தொற்றிக்கொண்டாள்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் போன் அதிர்ந்ததைக் கவனித்தாள். சாவடியிலிருந்து குறுஞ்செய்தி. ‘நீங்கள் உங்கள் ஊர் இருக்கும் பகுதிக்குத் திரும்பிவிட்டீர்கள். முகாமுக்குள் நுழைய இனி வருகையாளர் அனுமதி தேவை.'

இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்தே தெரியவில்லை. அயின் சூமர் இடிந்து கிடப்பது இந்தப் பக்கம், உம்மா இருப்பது முகாமில்.

மத்தியானத்துக்கு முன்பே மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டாள். யஸன் மஞ்சள் பூத்துப்போன முகத்தோடு, அவளுக்குப் போட்டிருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். போனை அவனிடம் நீட்டினாள். அவன் படித்தான், மறுபடி படித்தான்.

"அப்போ நீ அந்த ஊர்க்காரி, நான் முகாம்காரன். இனிமே உம்மா சூப்புக்கு நீ விசா எடுத்துட்டுத்தான் வரணுமா?"

"ஜோக்கா அடிக்கிறியா, நெஜமா கேக்குறியாடா?"

"ஊர் ஞாபகம் வரலக்கா. ஆனா நீ சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு. அது கணக்குல வருமா?"

அதற்குள் நர்ஸ் வந்து அவள் கட்டிலைத் தள்ளத் தொடங்கிவிட்டாள். விட்டத்து விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அறுவைக்கு முன்னால் தாரீன் யோசித்தது சிறுநீரகத்தைப் பற்றி இல்லை, திரும்பும் வழியைப் பற்றி. திரும்பும்போதும் அதே கதவுதான், அதே தட்டுதான். ‘முகாம்' என்றால் அவள் ரத்தம் ஒத்துக்கொள்ளாது, சிவப்பு. ‘அயின் சூமர்' என்றால் உண்மைதான், ஆனால் உண்மை சொல்கிற வெளியூர்க்காரி என்று சொல்லிக் கதவு அவளை உம்மாவிடம் விடாது. மறுபடி பழகிப் பச்சையாகி உள்ளே போகலாம், ஆனால் அப்புறம் அவளுக்கும் ஊர் மறந்துபோகும், யஸனுக்கு யார் சொல்வது?

அந்தத் தட்டில் அவள் மறுபடி கை வைத்து, கதவு "ஊர்?" என்று கேட்கும்போது, அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?